காது கொடுத்துக் கேட்கிறோமா? உள்ளூர்ச் சொல்லிசை பற்றி வாசகர் கேள்விகள்

சென்ற இதழில் ஒரு பதிலுக்கிடையே, நம் மலேசியத் தமிழ்ச் சொல்லிசையில் (ராப் பாட்டில்) எனக்குள்ள மனக்குறையை நான்கு வரிகளில் எழுதியிருந்தேன். பாட்டுகள் பெருகுகின்றன, மனத்தில் தங்குபவை குறைகின்றன என்பதே அதன் சாரம். அந்த நான்கு வரிகளுக்கு வந்த அளவு கடிதங்களும் புலன (வாட்ஸ்அப்) செய்திகளும் இந்தப் பகுதியில் வேறு எதற்கும் வந்ததில்லை. பாதிக்கு மேல் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டிலிருந்தும் அதைச் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்தும் வந்தவை. நான் பிறந்து வளர்ந்து, 20 ஆண்டுகளுக்கு மேல் ஒலிநாடாக் கடை நடத்திய ஊர் அது. எனவே மற்றக் கேள்விகளை அடுத்த மாதத்துக்கு ஒதுக்கிவிட்டு, இம்முறை இதை மட்டுமே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: ஐயா, எனக்கு வயது 26. ஈப்போவில் ஒரு தொழிற்சாலையில் வேலை. ஏழு ஆண்டுகளாகச் சொல்லிசை எழுதிப் பாடி வருகிறேன். கடைசிப் பாட்டுக்கு ஒலிப்பதிவு, காணொலி எல்லாம் சேர்த்து 2,400 வெள்ளி (ரிங்கிட்) செலவானது. அது என் ஓராண்டுச் சேமிப்பு. வலையொளியில் (யூடியூபில்) 4,000 பார்வைகள் வந்தன. அவற்றில் பாதி என் நண்பர்களே திரும்பத் திரும்பப் பார்த்தவை. சென்ற ஆண்டு ஒரு திருவிழா மேடையில் மூன்று பாட்டுக்கு அழைத்துவிட்டு, இரண்டாம் பாட்டின் நடுவிலேயே ஒலிவாங்கியை நிறுத்திவிட்டார்கள். பேசிய பணம் இன்றுவரை வரவில்லை. பார்க்கிறவர்கள் எல்லாரும், “நல்லா இருக்கு தம்பி, எங்க ஆதரவு உனக்கு உண்டு” என்கிறார்கள். விட்டுவிடலாமா என்று நினைக்கிறேன். பாட்டை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். (சுங்கை சிப்புட் வாசகர்)

பதில்: தம்பி, உங்கள் கேள்விக்கு வருமுன் உங்கள் பாட்டைப் பற்றிப் பேசிவிடுகிறேன். ஏனென்றால், 4,000 பார்வைகளுக்குப் பிறகும் அந்தப் பாட்டின் ஒரு வரியையாவது எடுத்துச் சொல்லி யாரேனும் உங்களிடம் பேசியதாக உங்கள் கடிதத்தில் இல்லை.

ஐந்து முறை கேட்டேன்: மூன்று முறை ஹெட்போனில், ஒரு முறை காரில், ஒரு முறை வீட்டு ஒலிபெருக்கியில். இரண்டாம் சரணத்தில் இப்படிப் பாடுகிறீர்கள்:

தொழிற்சாலை பஸ்ஸுக்குத் தூங்காத தெருவிளக்கு,
தோட்டத்தை வித்தாச்சு, தொடருது பழைய கணக்கு.

இந்த இரண்டு வரிகளில் தகர மோனை ஐந்து இடங்களில் விழுகிறது. ஐந்தும் தாளத்தின் தட்டோடு சேர்ந்தே விழுகின்றன. விளக்கு, கணக்கு என்ற இயைபு கடைசியில் பூட்டுப் போட்டதுபோல் வந்து நிற்கிறது. விடியுமுன் நாலரை மணிக்குத் தெருமுனையில் சோற்றுப் பையோடு நிற்கும் பெண்களையும், தோட்டம் கைமாறியபோது பேசிய வீடு இன்னும் கைக்கு வராத குடும்பங்களையும் பதினான்கு விநாடிக்குள் கண்முன் நிறுத்திவிட்டீர்கள். இதை எழுதியவர் சொல்லிசையை விடுவதற்கு உரியவர் அல்லர்.

ஆனால் பல்லவிக்கு வந்ததும் நீங்கள் வேறு ஆளாகிவிடுகிறீர்கள். கெத்து, மாஸ், வெறித்தனம் என்று வரிசையாக வருகின்றன. சென்னையில் பிறந்தவர் அவற்றைப் பாடினால் அது அவருடைய தெருவின் பேச்சு. நம் ஊரில் அப்படிப் பேசுகிறவர்கள் திரைப்படத்தில் கேட்டுப் பழகியவர்கள். முதல் சரணத்திலோ உங்கள் பெயரும், உங்கள்மேல் பொறாமை கொண்டவர்களும் தவிர வேறு செய்தியே இல்லை. நிமிடத்துக்கு 90 தட்டு ஓடும் தாளத்தில் பதினாறு ‘பார்’ (நான்கு தட்டு சேர்ந்தது ஒரு பார்) என்பது ஏறக்குறைய 43 விநாடிதான். அந்த 43 விநாடியில் 30 விநாடியை, யாரென்றே தெரியாத எதிரிகளுக்குக் கொடுத்துவிட்டால், உங்கள் தெருவிளக்கை எங்கே வைப்பீர்கள்? இன்னொன்றையும் சொல்ல வேண்டும். காரில் கேட்டபோது அடித்தள அதிர்வு உங்கள் குரலின்மேல் ஏறிக்கொண்டு, ‘பழைய கணக்கு’ என்ற சொல்லே காதில் விழவில்லை. பாட்டின் உயிரே அந்தச் சொல்தான். காணொலிக்குப் போன பணத்தில் ஒரு பங்கை ஒலிக்கலவைக்கு ஒதுக்கியிருந்தால் அது காப்பாற்றப்பட்டிருக்கும்.

இப்போது உங்கள் மனவருத்தத்துக்கு வருகிறேன். 2006 இல் நம் நாட்டு யோகி பி - நட்சத்ரா சொல்லிசைக் குழுவின் ‘வல்லவன்’ குறுந்தட்டு வந்தபோது என் கடை திறந்திருந்தது. அதற்கு எட்டு ஆண்டுகள் முன்பே, 1998 இல், யோகி பி இருந்த பொயட்டிக் அம்மோ குழு ஆங்கிலம், மலாய், தமிழ், கண்டோனீஸ் என்று நான்கு மொழியிலும் சொல்லிசை பாடி ஓர் இசைத்தொகுப்பு வெளியிட்டிருந்தது. ஆனால் தோட்டப்புறத்துப் பையன்களைக் கடைவாசலுக்கு இழுத்து வந்தது ‘வல்லவன்’தான். எல்பில் தோட்டத்திலிருந்து ஒரு பையன் சனிக்கிழமை தோறும் வருவான். வீட்டில் குறுந்தட்டு ஓடும் பெட்டி கிடையாது. கடையில் ஒரு பாட்டைப் போடச் சொல்லி, நின்றபடியே பள்ளிப் பயிற்சிப் புத்தகத்தில் வரிகளை எழுதிக்கொள்வான். வேகம் பிடிபடாத இடத்தில் கையை உயர்த்துவான். நான் நிறுத்திப் பின்னுக்கு ஓட்டுவேன். ஒரு பாட்டை முழுதாக எழுதி முடிக்க அவனுக்கு மூன்று சனிக்கிழமைகள் ஆயின. எழுதிய பிறகு, இந்த வரி ஏன் இப்படி முடிகிறது, அந்த இடத்தில் ஏன் தாளம் நின்றுபோகிறது என்று என்னைக் கேட்பான். பாதிக் கேள்விகளுக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. ஒரு பாட்டைக் கேட்பது என்றால் எனக்கு இன்றும் அந்தப் பையன்தான் நினைவுக்கு வருகிறான்.

நம் சொல்லிசை நலிந்து கிடப்பதற்குத் திறமைக் குறைவு காரணமன்று. வானொலியும் திரையும் கூட முதற்காரணம் அல்ல. ‘ஆதரவு’ என்ற சொல் கேட்டல் என்ற செயலின் இடத்தைப் பிடித்துக்கொண்டதுதான் காரணம் என்பது என் கருத்து. ஆதரவு நலிந்தவர்க்குக் கொடுப்பது. ஆதரவற்றோர் இல்லம் என்கிறோம் அல்லவா? அந்தச் சொல்லைப் பாட்டுக்குச் சொல்லத் தொடங்கிய நாளிலிருந்து பாட்டும் நன்கொடைச் சீட்டுப்போல் ஆகிவிட்டது. சீட்டை வாங்கியவர் நிகழ்ச்சிக்கு வர வேண்டியதில்லை. பாட்டைப் பகிர்ந்தவர் அதைக் கேட்டிருக்க வேண்டியதில்லை. ‘நம்ம பையன்’ என்பதற்காகப் பாராட்டுகிறோம். ‘நம்ம பையன்தானே’ என்பதற்காகவே பணம் கொடுக்காமலும் இருக்கிறோம். உங்கள் ஒலிவாங்கியை நிறுத்தியவர்களும் தங்களை உங்கள் ஆதரவாளர்கள் என்றே எண்ணியிருப்பார்கள். குறை சொல்லப்படாமல் ஏழு ஆண்டுகள் பாடியதால்தான் முதல் சரணத்தின் குறை ஏழாம் ஆண்டிலும் அப்படியே இருக்கிறது. இதை உங்களைப் புண்படுத்தச் சொல்லவில்லை. இதைச் சொல்லும் கடமை உங்களைச் சுற்றியிருந்த எங்களுக்கு முன்பே இருந்தது, நாங்கள்தான் தவறினோம்.

விடுவதா வேண்டாமா என்பதை 4,000 என்ற எண்ணை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஓராண்டுக்குக் காணொலியே வேண்டாம். நான்கு பாட்டு எழுதுங்கள். நான்கிலும் உங்கள் தெருவுக்கு வெளியே கால் வைக்காதீர்கள். மேடைக்கு யார் அழைத்தாலும் எத்தனை பாட்டு, எவ்வளவு பணம், எப்போது கிடைக்கும் என்பதைப் புலனத்திலாவது எழுத்தில் வாங்குங்கள். பாதிப் பணம் கைக்கு வராமல் மேடை ஏற வேண்டாம். கோவில் மேடையாயிற்றே என்று தயங்காதீர்கள். மேளக்காரருக்கும் பந்தல்காரருக்கும் அங்கே முன்பணம் கொடுக்கத்தான் செய்கிறார்கள்.

கேள்வி: ஆங்கிலத்தையும் மலாயையும் தமிழோடு குழைத்து வேகமாகப் பேசுவதைக் கவிதை என்கிறார்கள். தமிழ் மரபில் இதற்கு இடமுண்டா? என் பழைய மாணவர்கள் பலர் இதில் மயங்கிக் கிடப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது. (ஓய்வுபெற்ற தமிழாசிரியை, கோலகங்சார்)

பதில்: ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். உங்கள் வருத்தத்தில் ஒரு பாதியை நான் பகிர்ந்துகொள்கிறேன். மறுபாதியோடு மரியாதையுடன் மாறுபடுகிறேன்.

வேகமும் தாளமும் சேர்ந்த சொற்கட்டு தமிழுக்குப் புதிதன்று. அருணகிரிநாதரின் சந்தங்கள் 15 ஆம் நூற்றாண்டின் சொத்து. குறிலும் நெடிலும் வல்லொற்றும் மெல்லொற்றும் எங்கே விழ வேண்டும் என்று அளந்து வைத்த அந்தப் பாட்டுகளை வாய்விட்டுப் படித்தவருக்குச் சொல்லிசையின் ஓட்டம் அந்நியமாகத் தோன்றாது. தைப்பூசத்துக்குப் பத்துமலை ஏறும் வழியில் உறுமி முழங்க, அதன் அடிக்கு ஈடுகொடுத்து ஒருவர் வரி எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் வாங்கிப் பாடுவதை நீங்களும் கேட்டிருப்பீர்கள். நம் பையன்களின் காதில் தாளம் ஏறியது முதலில் அங்கேதான்.

மொழிக் கலப்பைப் பற்றி ஒன்று சொல்கிறேன். நம் பாட்டிமார் தோட்டத்து வரிசை வீடுகளை ‘லயம்’ என்றார்கள், காலையில் பெயர் கூப்பிடுவதைப் ‘பெரட்டு’ என்றார்கள். இரண்டும் ஆங்கிலச் சொற்கள் தோட்டத்து வாயில் உருமாறி வந்தவை. பெரட்டுக்களத்தில் விடியற்காலையில் பெயர் கூப்பிட நின்ற தலைமுறையின் வாழ்க்கையை அந்தச் சொல் இல்லாமல் எழுதவே முடியாது. இன்றைய இளைஞன் தாமானில் வாழ்கிறான்; குடியிருப்புப் பகுதிக்கு மலாய்ச் சொல் அது. அந்தச் சொல்லை அவன் பாட்டில் வைத்தால் அது அவன் முகவரி. ஆகவே கலப்பு என்பதாலேயே அதைத் தள்ளிவிட என்னால் முடியவில்லை.

நான் குறையாகக் காண்பது வேறு. ஆங்கிலச் சொல்லிசையைக் கேட்டுக் கற்றவர்கள், வரியின் கடைசியில் ஒலி ஒத்தால் போதும் என்ற பழக்கத்தையும் சேர்த்துக் கொண்டுவந்துவிட்டார்கள். ஆங்கிலத்தில் அது உழைப்பு. ஏனென்றால் அம்மொழியின் வாக்கியம் எந்தச் சொல்லிலும் முடியலாம். தமிழ் வாக்கியம் பெரும்பாலும் வினைமுற்றில் முடிவது. வருகிறேன், தருகிறேன், எழுகிறேன், விழுகிறேன் என்று எழுதிக்கொண்டே போனால் இயைபு தானாகவே வந்துவிடுகிறது; அதில் எழுதியவரின் முயற்சி ஒன்றுமில்லை. இப்படி முழுச் சரணமும் ‘கிறேன்’ என்றே முடியும் பாட்டுகள் எத்தனையோ வருகின்றன. நம் முன்னோர் அடியின் தலையிலேயே எதுகையையும் மோனையையும் வைத்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் எண்ணம். வினைமுற்றை வரியின் நடுவே தள்ளி, பெயர்ச்சொல்லில் வரியை முடித்துப் பார்த்தாலே பாட்டு நிமிர்ந்து நிற்கும். முதல் கடிதத்தில் கண்ட இரண்டு வரிகளை மறுபடி பாருங்கள்; எழுதியவர் அறிந்தோ அறியாமலோ அதைத்தான் செய்திருக்கிறார்.

உங்களிடம் ஒரு விண்ணப்பம். பழைய மாணவர்களை ஒரு மாலைப்பொழுது வீட்டுக்கு அழையுங்கள். ஆளுக்கு ஒரு சரணம் கொண்டுவரச் சொல்லி, அதில் எதுகை எங்கே, மோனை எங்கே, தளை எங்கே தட்டுகிறது என்று சிவப்பு மையால் குறித்துக் கொடுங்கள். ஒலிப்பதிவுக் கூடங்களில் இதைச் சொல்லித்தர ஆளில்லை.

கேள்வி: என் பாட்டு வானொலியில் சில முறை ஒலித்திருக்கிறது, எல்லா இசைத் தளங்களிலும் இருக்கிறது. ஒரு காசும் வரவில்லை. யார் ஏமாற்றுகிறார்கள்? (தைப்பிங் வாசகர்)

பதில்: யாராவது ஏமாற்றுகிறார்களா என்று தேடுமுன், உங்கள் உரிமைகள் உங்கள் பெயரில் இருக்கின்றனவா என்று பாருங்கள். 1987 ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் இசைப் படைப்பையும் ஒலிப்பதிவையும் தனித்தனி உரிமைகளாகக் கொள்கிறது. வரி எழுதியவருக்கும் மெட்டமைத்தவருக்கும் உரியது ஒன்று. பதிவுக்குச் சொந்தக்காரருக்கு உரியது இன்னொன்று. வானொலியும் மண்டபங்களும் படைப்பாளருக்குத் தரும் உரிமைத்தொகையைத் திரட்டிப் பகிர்ந்தளிக்க எம்.ஏ.சி.பி. என்ற அமைப்பு 1989 முதல் இருக்கிறது. அதில் உறுப்பினராகி, பாட்டைப் பதிவு செய்து, எழுதியவர் பங்கு எவ்வளவு, இசையமைத்தவர் பங்கு எவ்வளவு என்று குறித்துக் கொடுத்தால்தான் உங்கள் பெயருக்குத் தொகை வர வழியுண்டு. நண்பர்கள் சேர்ந்து செய்யும் பாட்டில் பங்கைப் பேசுவது அநாகரிகம் என்று நினைத்துப் பேசாமல் விட்டு, பிறகு நட்பே முறிந்துபோனதை நான் பார்த்திருக்கிறேன். ஒலிப்பதிவு முடிந்த அன்றே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டுக்கொள்ளுங்கள்.

இசைத் தளங்களின் கணக்கு வேறு. ஸ்பாட்டிஃபையில் 2024 முதல், ஒரு பாட்டு முந்தைய 12 மாதங்களில் 1,000 முறையாவது கேட்கப்படாவிட்டால் அதன் பதிவுக்கு ஒரு காசும் கிடையாது. வலையொளியில் நீளமான காணொலிகளால் விளம்பரப் பங்கு பெற 1,000 சந்தாதாரர்களும், 12 மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும். நான்கு நிமிடப் பாட்டு ஒன்று அந்த மணிக்கணக்கை எட்ட, 60,000 முறை முழுமையாகப் பார்க்கப்பட வேண்டும். நம் சிறு கூட்டத்துக்கு இது எட்டாக்கனி என்று சொல்லமாட்டேன்; ஆனால் இதை நம்பி வாடகை கட்ட முடியாது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் பாட்டின் இசை, இணையத்தில் வாடகைக்கு எடுத்த ‘டைப் பீட்’, அதாவது பெயர்பெற்ற ஒருவரின் பாணியில் முன்கூட்டியே செய்து வைத்த இசை, என்று தெரிகிறது. அந்த வாடகை பெரும்பாலும் உங்களுக்கு மட்டும் உரியதாக இருக்காது. அதே இசைக்கு வேறு நாட்டில் வேறு மொழியில் இன்னும் பலர் பாடியிருப்பார்கள். அவர்களில் ஒருவர் முந்திக்கொண்டு பதிந்துவிட்டால், உங்கள் பாட்டின்மேல் உரிமை கோரும் அறிவிப்பு வரவும் கூடும். பணத்தை விட்டுவிட்டுப் பார்த்தாலும் எனக்கு அதில் வருத்தமே. உறுமியும் தப்பும் அடிக்கத் தெரிந்த பிள்ளைகள் நம் ஒவ்வொரு தாமானிலும் இருக்க, ஊர் பேர் தெரியாத ஒருவர் யாருக்கோ செய்து வைத்த இசையின்மேல் ஏறி நின்று நம் கதையைச் சொல்ல வேண்டுமா?

கேள்வி: கோடம்பாக்கம் அழைத்தால்தான் நம் கலைஞரை நாம் மதிப்போமா? (ஈப்போ வாசகர்)

பதில்: இதுவரை அப்படித்தான் நடந்து வருகிறது. ‘பொல்லாதவன்’ படத்தில் 2007 இலும், ‘விவேகம்’ படத்தில் 2017 இலும் யோகி பியின் குரல் ஒலித்தபோது நம்மில் பலர் முதன்முறையாக அவரைக் கேட்பவர்போல் பூரித்தார்கள். அந்த வாய்ப்புகள் அவர் உழைப்புக்குக் கிடைத்தவை, எனக்கும் பெருமைதான். ஆனால் ‘வல்லவன்’ தொகுப்பின் ‘மடை திறந்து’, 1980 இல் வந்த ‘நிழல்கள்’ படத்தில் இளையராஜா இசையில் எஸ்.பி.பாலசுப்ரமணியம் பாடிய பாட்டைத் தழுவி எழுந்தது என்பதையும், தமிழர் எல்லாருக்கும் தெரிந்த மெட்டை வாசலாக வைத்துப் புதிய இசைக்குள் கேட்பவரை அழைத்துப்போன வேலை அது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். பின்னால் வந்த பலர் வாசலை மட்டும் திரும்பத் திரும்பக் கட்டினார்கள். உள்ளே வீடு எழும்பவில்லை.

கேள்வி: ஐயா, என் மகனுக்கு 17 வயது. படிவம் 5 படிக்கிறான். அறைக் கதவைச் சாத்திக்கொண்டு ராப் எழுதுகிறான். அவன் கேட்கும் பாட்டுகளில் பாராங் கத்தியும், குண்டர் கும்பல்கள் தங்களுக்குப் பெயராக வைத்துக்கொள்ளும் எண்களும் வருகின்றன. என் அண்ணன் மகன் அந்த வழியில் போய்ச் சீரழிந்தவன். எனக்குப் பயமாக இருக்கிறது. புத்தகத்தைப் பிடுங்கி எரித்துவிடலாமா? (சுங்கை சிப்புட் தாய்)

பதில்: அம்மா, எரித்துவிடாதீர்கள். உங்கள் பயத்தை வீண் பயம் என்று நான் சொல்ல மாட்டேன். 2013 இல் உள்துறை அமைச்சு 49 இரகசியக் கும்பல்களின் பெயர்ப் பட்டியலை வெளியிட்டபோது, நம் வீட்டுப் பிள்ளைகள் எத்தனை பேர் அந்த எண்களுக்குள் அகப்பட்டிருக்கிறார்கள் என்பது ஊரறிந்த செய்தியாக இருந்தது. அந்த எண்களைக் கையால் காட்டி, கத்தியைக் காணொலியில் தூக்கிப் பிடித்துப் பாடுகிறவர்களை நான் மன்னிக்க ஆயத்தமாக இல்லை. அவர்களில் பெரும்பாலோர் அந்த வாழ்க்கையை வாழ்ந்தவர்களும் அல்லர். வாழ்ந்தவரின் தாயிடம் ஒரு நாளாவது உட்கார்ந்து பேசியவர்களும் அல்லர்.

ஆனால் இந்த இசை எங்கே பிறந்தது என்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். 1973 ஆகஸ்டு 11 அன்று, நியூயார்க்கின் பிராங்ஸ் வட்டாரத்தில் ஓர் அடுக்குமாடி வீட்டின் பொது அறையில் நடந்த கொண்டாட்டத்தைத்தான், சொல்லிசையை ஈன்ற ஹிப் ஹாப்பின் பிறந்தநாள் என்கிறார்கள். பள்ளி திறக்கும் நேரம். சிண்டி கேம்பல் என்ற பெண்பிள்ளை புதுத் துணி வாங்கக் காசு சேர்க்க வேண்டி அதை ஏற்பாடு செய்தாள். இசைத்தட்டு ஓட்டியவர் அவள் அண்ணன், டிஜே கூல் ஹெர்க். ஏழைப் பகுதியின் பிள்ளைகள், ஆளுக்குச் சில்லறைக் காசு கொடுத்து உள்ளே போனார்கள். பள்ளித் துணிக்காகத் தொடங்கியது அது. இந்தக் கதை உங்கள் மகனுக்குத் தெரிந்திருந்தால் நல்லது, தெரியாவிட்டால் நீங்களே சொல்லுங்கள்.

பிறகு, அவன் எழுதியதை உங்களுக்குப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். முதல் நாள் மறுப்பான். நீங்கள் திட்டமாட்டீர்கள் என்று தெரிந்தால் ஒரு நாள் காட்டுவான். உங்கள் அண்ணன் மகனின் கதையை அவனிடம் மறைக்காமல் சொல்லுங்கள். மருத்துவமனைக்கு யார் போனார்கள், வழக்கறிஞருக்குக் காசு எப்படிப் புரட்டினீர்கள், அண்ணியார் எத்தனை நாள் சாப்பிடாமல் கிடந்தார்கள் என்பதையெல்லாம் சொல்லுங்கள். கத்தியைத் தூக்கிப் பாடுகிறவர்கள் யாரும் அந்த வீட்டுக்குள் நுழைந்ததில்லை. உங்கள் மகன் நுழைய முடியும்.

கேள்வி: பெண்கள் ஏன் இதில் இவ்வளவு குறைவு? (கோலகங்சார் மாணவி)

பதில்: திறமை குறைவு என்று நினைக்க வேண்டாம். சிங்கப்பூரைச் சேர்ந்த லேடி கேஷ், கிரிஸ்ஸியுடன் 2010 இல் ‘எந்திரன்’ படத்திலேயே பாடியிருக்கிறார். நம் ஊரில் தடை மிக எளிய இடத்தில் இருக்கிறது. ஒலிப்பதிவு இரவு பத்து மணிக்குமேல், நான்கைந்து ஆண்கள் புகைபிடித்துக்கொண்டிருக்கும் அறையில் நடக்கிறது. வீடு திரும்பப் பேருந்து கிடையாது. எந்தத் தாய் அனுப்புவார்? கூடம் வைத்திருப்போர் வாரத்தில் ஒரு பகல்பொழுதைப் பெண்களுக்கென்று ஒதுக்கினால் ஓராண்டில் வேறுபாடு தெரியும்.

கேள்வி: குறைகளைச் சொல்லிவிட்டீர்கள். பாடத் தெரியாத, பாட்டுக் கேட்க மட்டும் தெரிந்த எங்களைப் போன்றவர்கள் என்ன செய்ய வேண்டும்? (சுங்கை சிப்புட் வாசகர்)

பதில்: உங்கள் கேள்விக்கு நம் ஊரிலிருந்தே பதில் இருக்கிறது. தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டுக்கொண்டிருந்த காலத்தில், நம் ஊர்க்காரரான துன் வீ. தி. சம்பந்தன் 1960 இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தோட்டத்தைத் தொழிலாளர்களே வாங்கட்டும் என்று தோட்டம் தோட்டமாகப் போய் மாதம் 10 வெள்ளி கேட்டார். அன்றைய ரப்பர் பால்வெட்டுச் சம்பளத்தில் அது பெரிய தொகை. என் அப்பா கொடுத்தார். அம்மா அந்த மாதங்களில் மீன் வாங்குவதைக் குறைத்தார். கொடுத்தவர்கள் யாரும் அதை ஆதரவு என்று சொன்னதாக எனக்கு நினைவில்லை. ‘பங்கு’ என்றார்கள். பங்கு கட்டியவர் கூட்டத்துக்குப் போனார், கணக்குக் கேட்டார், சரியில்லை என்றால் சத்தம் போட்டார்.

அதே 10 வெள்ளிதான் நான் கேட்பது. தமிழ்ப்பள்ளியிலோ பொது மண்டபத்திலோ ஒரு சிறிய அறை, 40 நாற்காலி, ஆளுக்கு 10 வெள்ளி நுழைவு. மொத்தம் 400 வெள்ளி. மூன்று பேர் பாடினால் ஆளுக்கு 100 வெள்ளியை உறையில் போட்டு, மேடையிலிருந்து இறங்குமுன் கையில் கொடுத்துவிடலாம். மிச்சம் 100 அறைக்கும் ஒலிபெருக்கிக்கும் போதும். அரசியல் பிரமுகர் வேண்டாம், பொன்னாடை வேண்டாம், அரைமணி நேர வரவேற்புரை வேண்டவே வேண்டாம். பாட்டின் வரிகளை அச்சிட்டு நாற்காலியில் வைத்துவிடுங்கள். ஒவ்வொரு பாட்டும் முடிந்ததும் பத்து நிமிடம் அந்தப் பாட்டைப் பற்றிப் பேச்சு. “நல்லா இருக்கு” என்று மட்டும் சொல்லி உட்காரக் கூடாது. எந்த வரி, ஏன் என்று சொல்ல வேண்டும். புரியாத சொல்லைக் கேட்க வேண்டும். பாடியவர் பதில் சொல்லியே ஆக வேண்டும். முதல் கடிதம் எழுதிய தம்பி விரும்பினால் முதல் கூட்டத்தில் அவர் பாடட்டும். என் 10 வெள்ளியை எடுத்து வைத்துவிட்டேன்.

கேள்வி: வீட்டிலேயே பதிவு செய்ய எந்த மைக் வாங்கலாம்? எங்கள் வீட்டுக்குத் துத்தநாகக் கூரை. (15 வயது வாசகர், சுங்கை சிப்புட்)

பதில்: கண்டென்சர் மைக் வாங்காதீர்கள். அடுத்த வீட்டுத் தொலைக்காட்சி வரை எல்லாவற்றையும் அது பிடித்துக்கொள்ளும். டைனமிக் வகையில் எளியதாக ஒன்று போதும்; வாய்க்கும் மைக்குக்கும் இடையே நான்கு விரல் இடைவெளி விட்டுப் பாடினால் அறையின் எதிரொலி அடங்கிவிடும். துணி அலமாரியைத் திறந்து வைத்து அதன் முன்னே நின்று பாடுங்கள். தொங்கும் துணிகள் ஒலியை உறிஞ்சிக்கொள்ளும். நம் ஊரில் பெரும்பாலும் பிற்பகலில்தான் மழை பிடிக்கிறது. அந்தக் கூரைக்கடியில் அப்போது ஒன்றும் செய்ய முடியாது. ஆகவே விடியற்காலையில், தொழிற்சாலை பஸ் போன பிறகு, மோட்டார்கள் கிளம்புமுன் பதியுங்கள். மழை பெய்யும்போது பாடாமல், மழையை மட்டும் இரண்டு நிமிடம் தனியாகப் பதிந்து வையுங்கள். பிறகு ஏதாவது ஒரு பாட்டுக்குத் தேவைப்படும்.